கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கொடுப்பவர்களுக்கு: காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள்

புதுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவதாகச் சொல்லி என்னை ஏமாற்றிய கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை வாயைத் திறக்காதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். சென்னை ரிச்சி தெருவில் இருக்கிற கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தெருவையே குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் முதல் கம்ப்யூட்டரும் அங்கே வாங்கியதுதான், ஒன்பது வருடம் உழைத்தது.

எனக்குக் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. கேமராவில் வருவது சோனியின் 4கே, 10 பிட், 4:2:2, எச்.265. எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை, 4:2:2 என்பது அதில் நிறம் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகிறது என்பதன் அளவு. இந்த வகை ஃபைலை எடிட் செய்கிறவர்களுக்குத் தெரியும், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாலும் டைம்லைன் திக்கித் திணறும். என்விடியாவின் 40 வரிசை வரைக்கும் எந்தக் கார்டும் 4:2:2 எச்.265ஐ நேரடியாகப் பிரித்துக் காட்டாது. 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது, அதன் விலைக்கு நான் இன்னும் நாலு கல்யாணம் முடிக்க வேண்டும். ஆனால் இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் அதைச் சுலபமாகச் செய்துவிடும். அதனால்தான் ஒரு மாதம் உட்கார்ந்து படித்து ஐ7 14700கே என்று முடிவு செய்தேன். கே என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் உண்டு. அதன் பின்னால் ஒரு எஃப் சேர்ந்து கேஎஃப் ஆகிவிட்டால் கிடையாது. மற்ற எல்லாம் ஒன்றுதான். இந்த ஓர் எழுத்துதான் பின்னால் எனக்கு எமனாக வந்தது.

பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலிங் விஷயத்தில் கடைக்காரர் முதலில் வாட்டர் கூலர் போடச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். எங்கள் ஊரில் மோட்டார் நின்றுபோனாலோ தண்ணீர் கசிந்தாலோ கழற்றிப் பார்க்க ஆள் கிடையாது. காற்றில் குளிர்விக்கும் கூலரில் கெட்டுப்போக இருப்பது ஃபேன் மட்டும்தான், சில நூறு ரூபாய்க்கு வேறு மாட்டிக்கொள்ளலாம். அதனால் டீப்கூல் ஏகே620 கேட்டேன். ஆறு செம்புக் குழாய், இரண்டு கோபுரம், இரண்டு ஃபேன், 160 மி.மீ. உயரம். கேபினெட் முன்பக்கம் வலை வைத்ததாக இருக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது, எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. மொத்தம் 1,12,000 ரூபாய். கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் என்னுடைய பழைய என்விடியா 4070. 40,000 ஜிபேயில் அட்வான்ஸ்.

போன ஏப்ரலில் காலையிலேயே போய் இறங்கினேன். "சார், மெஷ் கேபினெட் இன்னிக்கு ஸ்டாக் இல்ல. அதே ரேட்டுக்கு கண்ணாடி கேபினெட் தர்றேன், முன்னாடி மூணு ஆர்.ஜி.பி. ஃபேன் ஃப்ரீ" என்றார். எனக்கும் அது பார்க்க அழகாகத்தான் இருந்தது. சரி என்றேன். அந்தச் 'சரி'யில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பில் கேட்டேன். "பில்லுன்னா 18 பர்சென்ட் கூட வரும் சார், எதுக்கு?" என்றார். அதற்கும் சரி. "சாயங்காலம் ஆகும், உங்க வேலைய முடிச்சுட்டு வாங்க" என்றார். அதற்கும் சரி. மீதி 72,000 ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ஆல்பம் பிரிண்ட் போடும் இடத்துக்குப் போய்விட்டேன். ஒன்று மட்டும் புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைத்தேன். என் கார்டை மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் அதன் சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் கார்டு பத்திரமாகத் திரும்பி வந்தது. நான் பயப்படாததில்தான் கைவைத்தார்கள்.

இரவு எட்டு மணிக்குப் போனபோது கம்ப்யூட்டர் மேஜைமேல் ஜொலித்துக்கொண்டிருந்தது. மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். எல்லாவற்றின் பெட்டியும் ஒரு பையில் இருந்தன. பிராசஸர் பெட்டியும் கூலர் பெட்டியும் மட்டும் இல்லை. "குடோன்ல இருக்கு சார், பார்சல்ல போட்டுவிடறேன்" என்றார் கடைப் பையன். காரை நிறுத்த இடமில்லாமல் நண்பர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள், கூட வேலை பார்க்கும் தம்பிதான் முதலில் சொன்னான்: "அண்ணே, புதுசும் பழசு மாதிரியே இழுக்குதுண்ணே." ஃபேன்கள் பஸ் கிளம்புகிற மாதிரி இரைந்தன. சூட்டை அளந்து காட்டும் ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ போட்டுப் பார்த்தால் ஒரு முகூர்த்த வீடியோ ஓடும்போதே பிராசஸர் 100 டிகிரி. இந்தப் பிராசஸருக்கு 100தான் எல்லை, அதைத் தொட்டதும் தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும். பிராசஸரின் வேகத்துக்கு மார்க் போடும் சினிபெஞ்ச் ஆர்23 போட்டேன். இந்தப் பிராசஸர் 35,000ஐ ஒட்டி எடுக்க வேண்டும். எனக்கு வந்தது 26,000 சொச்சம். அறையில் 34 டிகிரி இருந்தது உண்மைதான், எங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெயில் 9,000 பாயிண்டைத் தின்னாது.

கடைக்கு போன் செய்தேன். "இன்டெல் 14வது தலைமுறை அப்படித்தான் சார் சூடாகும். நீங்கதான் வாட்டர் கூலர் வேண்டாம்னீங்க." இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். 14700கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும், பல மதர்போர்டுகள் அந்த வரம்பையும் எடுத்துவிட்டே வருகின்றன. நல்ல ஏர் கூலருக்கே அது கஷ்டம்தான். அதனால் மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் 180 வாட் என்று கட்டிப்போடுவேன் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் என்னுடையது 135 வாட்டிலேயே 100 டிகிரியைத் தொட்டது.

பயாஸுக்குள் போனபோது அங்கே இன்னொரு கூத்து. 13, 14வது தலைமுறை பிராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்ட்டேஜால் கெட்டுப்போகும் பிரச்சினை வந்து, 2024 ஆகஸ்டில் இன்டெல் பயாஸ் அப்டேட்டோடு வரும் மைக்ரோகோடு திருத்தம் கொடுத்தது. அதற்கு முந்தைய பயாஸோடு அப்படியே கொடுத்திருக்கிறார்கள். 6000 வேகத்தில் ஓட வேண்டிய ரேம் 4800இல் ஓடிக்கொண்டிருந்தது. இவை அலட்சியம், நானே சரிசெய்துகொண்டேன். மோசடி வேறு இடத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தி எடுத்துவந்து முன் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த விரற்கடை இடுக்கில் காட்டினேன். மூன்று ஃபேன் வானவில் வண்ணத்தில் சுற்றுகின்றன, புகை நேராக மேலே போகிறது. உள்ளே இழுக்கவே இல்லை. பின்னால் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே புகை உள்ளே போனது! வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய பின் ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். கூலரின் ஃபேன் பின்பக்கம் பார்த்துத் தள்ளுகிறது, பின் ஃபேன் அதற்கு எதிராக உள்ளே தள்ளுகிறது. இரண்டு காற்றும் நடுவில் மோதிக்கொண்டு நிற்கின்றன, சூடு எங்கே போகும்?

அப்புறம் கூலரைக் குனிந்து பார்த்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது மேல் மூடியும் விளக்கும்தான் தெரிந்தன. பக்கவாட்டில் எண்ணினால் குழாய் நாலு. கோபுரம் ஒன்று, ஃபேன் ஒன்று, நான் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர். குழாய் எண்ணிக்கை வெறும் விளம்பரச் சமாச்சாரம் இல்லை. அந்தச் செம்புக் குழாய்க்குள் காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் நீர் அடைத்திருக்கும். அடியில் சூடுபட்டு ஆவியாகி மேலே போய், தகடுகளில் குளிர்ந்து, மறுபடி அடிக்கு இறங்கிவரும். குழாய் குறைந்தால் சுமந்து போகும் சூடும் குறையும். அதோடு, நாலு நாள் முன்னால் வாங்கிய கூலரின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் தூசிப் பஞ்சு! எங்கேயோ ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி வந்து மாட்டியிருக்கிறார்கள்.

ஏன் மாற்றினார்கள் என்று யோசித்தேன். டேப்பை எடுத்து அளந்ததும் விஷயம் பிடிபட்டது. இந்தக் கண்ணாடி கேபினெட்டில் 155 மி.மீ.க்கு மேல் உயரமான கூலர் வைத்தால் பக்கக் கண்ணாடி மூடாது. ஏகே620 அதில் நுழையவே நுழையாது. கேபினெட்டை மாற்றச் சொன்ன அந்த நிமிஷமே கூலரும் மாறப்போகிறது என்று அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

கூலரைக் கழற்றிவிட்டுப் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்துப் பிராசஸர் மேலிருந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்தேன். சாம்பல் நிறம் கரையக் கரைய உலோக மூடியில் பொறித்த எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஐ7, 14700, கே... இன்னொரு முறை துடைத்தேன். எஃப். தம்பி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதற்கு இவ்வளவு பாடே பட்டிருக்க வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் பிராசஸரின் முழுப்பெயர் போட்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் இரண்டு ஜி.பி.யு. (என் கார்டு ஒன்று, பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் ஒன்று) தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தெரிந்தது. கடையிலேயே பத்து விநாடியில் பார்த்திருக்கலாம், நான் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேக்கும் கேஎஃபுக்கும் விலையில் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். விளையாட்டுக்கு வாங்குகிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை, கடைசிவரை தெரியாமலேயே போயிருக்கும். எனக்கோ அதற்காகத்தான் இந்தப் பிராசஸரே. உள்ளே கிராஃபிக்ஸ் இல்லாததால் ஃபைலைப் பிரிக்கும் வேலை முழுக்கப் பிராசஸரின் தலையில் விழுந்து, அதனால் இன்னும் சூடாகி, நாலு குழாய்க் கூலர் அதைத் தாங்காமல் வேகம் குறைந்து... தம்பி சொன்ன இழுப்பின் கதை இதுதான்.

மறுநாள் போனில் ஆரம்பத்தில் "சார், சார்" என்றுதான் பேசினார். "எஃப் மாடல் இன்னும் ஸ்பீடு சார்" என்றார். இல்லை என்று விளக்கினேன். பெட்டி கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது, பெட்டியில் 14700கே என்றே இருந்தது. ஆனால் பெட்டி லேபிளில் இருக்கும் பேட்ச் எண்ணும் மூடியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன், ஒட்டவே இல்லை. அதற்கப்புறம் குரல் மாறிவிட்டது. "நீங்க கழட்டிட்டீங்கல்ல? உள்ள நீங்க என்ன மாத்தினீங்களோ எனக்கென்ன தெரியும்? பில் இருக்கா?"

பில் இல்லை. அதை மிச்சம் என்று நினைத்தேனே, அதுதான் அவருக்குக் கவசம். இன்டெல் பெட்டியில் வரும் பிராசஸருக்கு மூன்று வருட வாரண்டி, இந்த வோல்ட்டேஜ் பிரச்சினைக்குப் பிறகு 13, 14வது தலைமுறைக்கு மேலும் இரண்டு வருடம் கூட்டியிருக்கிறார்கள். பெட்டியும் பில்லும் இல்லாமல் அதைக் கேட்டு எந்த முகத்தோடு போவது?

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்தேன். புகாரைப் பதிந்துகொண்டு, கடைக்காரர் இறங்கிவராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகச் சொன்னார்கள். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் கொடுக்காமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்று வக்கீல் நண்பர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது. கொட்டேஷன், ஜிபே ரசீது, துடைக்கும்போது தம்பி எடுத்த வீடியோ, அந்தப் பெட்டி போட்டோ எல்லாம் மனுவோடு போகின்றன. ரொக்கமாகக் கொடுத்த 72,000க்குச் சாட்சி, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "ஓகே சார்" மட்டும்தான்.

வேலை நிற்கக் கூடாதே. தஞ்சாவூரில் பில்லோடு ஏகே620 வாங்கினேன், வலை வைத்த கேபினெட்டும் வாங்கினேன். இந்த முறை டேப்போடு போனேன், கடைக்காரர் சிரித்தார். பின் ஃபேனைச் சரியான திசையில் மாட்டி, 180 வாட்டில் கட்டிப்போட்டு ஓட்டினால் அதே அறையில், அதே வெயிலில் 84 டிகிரி. சத்தமும் அடங்கிவிட்டது. கேஎஃபோடுதான் குடித்தனம் நடக்கிறது. இப்போது கேமராவிலேயே 4:2:0 என்று மாற்றி எடுக்கிறேன், அதை 4070 நேரடியாகப் பிரித்துவிடும். பழைய ஃபைல்களுக்கு ராத்திரி ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் லேசான நகல்) போட்டுவிட்டுத் தூங்குகிறோம்.

அந்தக் கண்ணாடி கேபினெட்டை 1,500 ரூபாய்க்கு விற்கப் போட்டிருந்தேன். நேற்று ஒருவர் வந்தார். மனசு கேட்காமல், காற்றே உள்ளே போகாது, உயரமான கூலரும் வைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுங்க, லைட்டு எல்லாம் எரியும்ல?" என்றார்.