மண் கொட்ட விடுவதற்கு முன் பலகையைப் பாருங்கள்

மட்டக்களப்பில் பிளாட், அதாவது தட்டையான கொங்கிறீட் கூரை, போட்ட வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். பிளாட்டின் மேல் மண் பரப்பிப் புல்லும் செடியும் வளர்த்து, அதற்குக் கீழே வெப்பத் தடுப்புப் பலகையும் போட்டுத் தருகிறேன், வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று யாராவது வந்தால், இதை வாசித்துவிட்டு அவரோடு பேசுங்கள். கல்லடியில் எங்கள் வீட்டில் அந்த வேலை நடந்தது. காசும் போனது, பிளாட்டும் கெட்டது.

1978 நவம்பர் 23 சூறாவளியில் ஓடும் தகரமும் பறந்ததைக் கண்ணால் கண்டவர் அப்பா. திரும்பக் கட்டும்போது பிளாட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும் நாட்களில், பகல் முழுக்கக் காய்ந்த கொங்கிறீட் அந்தச் சூட்டை இரவில்தான் அறைக்குள் இறக்கும். எண்பதைத் தாண்டிய அம்மா விடியும் வரை நித்திரை கொள்ள மாட்டார். அவருக்காகத்தான் இந்த வேலையைச் செய்வித்தோம்.

வந்தவர் மரியாதையாகப் பேசினார். பச்சை நிறத்தில், ஓரம் நேர்த்தியாக வெட்டிய ஒரு பலகைத் துண்டை மேசையில் வைத்தார். "ரீச்சர், இதுதான் எக்ஸ்பிஎஸ். தண்ணி குடிக்காது, ஏறி நிண்டாலும் நசியாது" என்றார். கொட்டேஷனிலும் 50 மில்லிமீற்றர் எக்ஸ்பிஎஸ் என்றுதான் எழுதிக் கொடுத்தார். அவர் அன்று சொன்னது உண்மை. எக்ஸ்பிஎஸ் என்பது உள்ளே மூடிய நுண்ணறைகள் நிறைந்த கெட்டிப் பலகை. நீர்த்தடுப்புக்கு மேலே, மண்ணுக்குக் கீழே, ஈரத்திலேயே கிடக்க வேண்டிய இடத்துக்கு அதைத்தான் போடுவார்கள்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒரு நாளில், நாங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, பலகை விரித்து, மேலே கறுப்புப் பொலித்தீன் மூடி, மண்ணும் கொட்டி முடித்துவிட்டார்கள். வந்து பார்க்கும்போது புல் கூடப் பதித்தாயிற்று. "உங்களுக்குக் கரைச்சல் வரக் கூடாதெண்டுதான் ஒரே மூச்சில முடிச்சம்" என்றார்.

ஐப்பசி மழைக்கு ஒன்றும் தெரியவில்லை. கார்த்திகையில் அடைமழை பிடித்ததும் நடு அறையின் சீலிங்கில் வட்டமாக ஈரம் ஊறியது. பெயின்ட் கொப்புளித்தது. பிறகு துருக்கறை பழுப்பாக இறங்கியது. தொலைபேசியில் கேட்டால் முதலில் "கொங்கிறீட் வேர்க்குது ரீச்சர், அது அப்பிடித்தான்" என்றார். அடுத்த முறை "மழை விடட்டும், வந்து பாக்கிறன்." அப்புறம் அழைப்பையே எடுப்பதில்லை.

அக்கரைப்பற்றில் இருக்கும் அக்காவின் மகன் சிவில் இஞ்சினியர். அவன் வந்து ஒரு மூலையில் புல்லை விலக்கி மண்ணைத் தோண்டினான். பொலித்தீனைக் கிழித்ததும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. ரேடியோ, டிவிப் பெட்டிக்குள் வைத்து வருமே, அந்த ரெஜிபோம். பச்சைப் பலகை பிளாட் முழுக்கத் தேடியும் ஒரு துண்டு இல்லை. வெள்ளைப் பலகையின் ஒரு பக்கத்தைக் கையால் தூக்கினான். வெறும் காற்றாக இருக்க வேண்டியது கனத்துக் கிடந்தது, ஓரத்தால் தண்ணீர் வடிந்தது. விரலால் அழுத்த மணி மணியாக உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. வீல்பரோ ஓடிய தடம் அப்படியே பள்ளமாக அமுங்கியிருந்தது. அடியில் எறும்பு வளை வளையாகக் குடைந்து முட்டை வைத்திருந்தது. மூட்டுகளுக்குள்ளால் புல் வேர் இறங்கி, கீழே தூரிகையால் பூசிவிட்டிருந்த நீர்த்தடுப்புப் பூச்சில் போய்ப் படர்ந்திருந்தது.

"சின்னம்மா, இது நனைஞ்சா வெப்பத்தையும் மறிக்காது" என்று அவன் விளக்கினான். பலகைக்குள் அடைபட்டிருக்கும் அசையாத காற்றுத்தான் வெப்பத்தை மறிக்கிறது. தண்ணீர் அந்தக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மணிகளை ஒட்டிச் செய்த ரெஜிபோமில் மணிக்கும் மணிக்கும் இடையில் தண்ணீர் மெல்ல ஏறும். அதுவும் பெட்டிக்குள் வைக்கிற மெலிந்த ரகம் என்றால் சொல்லவே வேண்டாம். பொலித்தீன் போட்ட இடமும் பிழை. வேர்த்தடுப்பு விரிப்பு பலகைக்குக் கீழே, நீர்த்தடுப்பின் மேல் கிடக்க வேண்டும். பலகைக்கு மேலே போடுவது ஆவியை வெளியே விடக்கூடிய துணியாக இருக்க வேண்டும். மேலே பொலித்தீனால் மூடினால், எக்ஸ்பிஎஸ் போட்டிருந்தால்கூட ஈரம் உள்ளே சிறைப்பட்டு நாளடைவில் அதற்குள்ளும் ஏறும். இவர் செய்தது இரட்டைக் கேடு.

அவன் அதிகம் பயந்தது பாரத்துக்கு. கொட்டியிருந்தது சாதாரணத் தோட்டத்து மண், நாலு அங்குலம். நனைந்த மண் ஒரு கன மீற்றர் 1,800 கிலோவை ஒட்டி வரும். அப்படியானால் ஒரு சதுர மீற்றருக்கு 180 கிலோ, ஓயாமல், வருடக்கணக்காக. கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிய பழைய பிளாட்டில் அதை ஏற்ற முன் ஒரு இஞ்சினியரிடம் காட்ட வேண்டியது வேலை எடுத்தவரின் பொறுப்பு. அவர் காலால் தட்டிப் பார்த்துவிட்டு "தாங்கும்" என்று சொன்னவர். போதாததற்கு மண்ணை வடிகட்டும் துணியும் இல்லை, தண்ணீர் ஓடும் வடிகால் தட்டும் இல்லை. மழைத் தண்ணீர் இறங்கும் பைப்பின் வாய் சேறடைத்து, பிளாட் முழுக்கக் குளம் கட்டி நின்றிருக்கிறது. நாங்கள் அதற்குக் கீழே படுத்திருக்கிறோம்.

மண் முழுவதையும் சாக்கில் கட்டி இறக்கியாயிற்று. உடனே வெயில் வரவில்லை, பிளாட் காய்ந்து முடிய மாசி வரைக்கும் சென்றது. துருவேறிய இடத்தைக் கொத்திச் சரி செய்யும் வேலை இன்னும் நடக்கிறது.

இந்த வேலையைச் செய்விக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தால் எங்கள் ஊர் வெயிலுக்கு அது நல்ல வேலை. ஆனால் நீர்த்தடுப்பு முடிந்ததும் பைப்பின் வாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிற்க விட்டு, கீழே சீலிங் நனைகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு வேலை கொடுக்க வேண்டாம். இறங்கும் பலகையில் ஒன்றை எடுத்து மூலையை உடைத்துப் பாருங்கள். மணி மணியாக உதிர்ந்தால் அது ரெஜிபோம். எக்ஸ்பிஎஸ் உடைத்த இடம் மணி இல்லாமல் ஒரே சீராக இருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். விரித்த பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் மண் மேலே ஏற வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நாளில் வேலையே நடக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசில் ஒரு பங்கு மார்கழி மழை கழியும் வரை உங்கள் கையில் இருக்கட்டும். நல்ல வேலைக்காரர் அதற்குச் சம்மதிப்பார்.

இன்னொன்று முக்கியம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், பொருளோ சேவையோ பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆடி மாதம் வேலை முடித்தால், அடைமழை வந்து ஒழுக்குத் தெரியும்போது அந்தக் காலம் கடந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. அதனால்தான் தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனையை மண்ணுக்கு முன்பே செய்யுங்கள் என்று இத்தனை தூரம் சொல்கிறேன். நாங்கள் இப்போது மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கொட்டேஷன், பற்றுச்சீட்டு, தோண்டியபோது எடுத்த படங்கள், ஒரு பையில் கட்டிய அந்த நனைந்த ரெஜிபோம் எல்லாம் கைவசம் இருக்கிறது.

அவர் இப்போது களுவாஞ்சிக்குடிப் பக்கம் பிளாட் அளந்து திரிவதாகக் கேள்வி. அங்கே யாராவது முற்பணம் கொடுத்திருந்தால், மண் ஏறுவதற்கு முன் மேலே போய்ப் பலகையைப் பாருங்கள். ஏறிவிட்டது என்றால் மழை வரும் வரை காத்திருக்காமல் ஒரு மூலையைத் தோண்டிப் பாருங்கள்.