கீழடி அருங்காட்சியகம்: வீட்டுப் பெரியவரோடு போங்கள்

பரமக்குடியில் இருந்து மதுரை போகிற வழியில்தான் கீழடி. அங்கே மண்ணைத் தோண்டி எடுத்த பழங்காலப் பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு இரண்டு தடவை போய்விட்டேன். 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த வருஷமே நானும் கணவரும் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பினோம். போன மாதம் அப்பாவையும், ஏழாவது படிக்கும் மகனையும் கூட்டிப் போனேன். மூன்றரை மணி நேரம் ஆகியும் இருவரும் கிளம்புவதாக இல்லை.

கட்டடம் செட்டிநாட்டு வீட்டுப் பாணி. வேளாண்மை, பானை, ஆடை அணிகலன், கடல் வணிகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கூடம். அழகாகவே கட்டியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஆடைக் கூடத்தைப் பற்றி.

அப்பா நாலாவதோடு படிப்பை விட்டவர். பத்து வயதில் நெசவுக்குத் தார் நூல் சுற்ற உட்கார்ந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் தறியில் இருந்தவர். கண்ணாடிக்குள் நூல் நூற்கிற, சுட்ட மண்ணில் செய்த தக்களிகள், நடுவே துளையோடு. முதல் தடவை நான் மணி என்று நினைத்துக் கடந்து போன பொருள் அது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். “டேய் தம்பி, இங்க வா. இந்த ஓட்டையில குச்சியைச் செருகித் தொங்கவிட்டுச் சுத்திவிடணும். இந்த மண்ணோட கனம்தான் அதைச் சுத்த வைக்கும். கனம் கூடிப் போச்சுன்னா இழை அறுந்துரும்.” சொல்லும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத இழையை முறுக்கின. மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அதான் ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா இருக்கா தாத்தா?” என்றான். மெல்லிசு நூலுக்குச் சின்னது. யாரும் சொல்லித் தராமல் அவனே பிடித்த விஷயம்.

கூர்முனை எலும்புக் கருவிகளை நெசவில் பூ வேலைக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையை எண்ணித் தூக்க ஊசி மாதிரி ஒன்று வேண்டும்தானே என்றார் அப்பா, அதில் என்ன அதிசயம் என்பதுபோல. அதற்குள் பக்கத்தில் நின்ற வேறொரு குடும்பமும் அவரைச் சுற்றி வந்துவிட்டது.

கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று கணக்கிட்டது. இந்த எண்ணை மகனுக்கு நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அவன் மனதில் நிற்கவில்லை. “நம்ம தறிக்குழி மாதிரி நாலு குழி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. அதுக்கும் மேல ஆழம்” என்று அப்பா சொன்னதும் வாயைப் பிளந்தான். நெய்கிறவர் கால் வைக்கத் தறிக்கு அடியில் வெட்டிய அந்தக் குழியில் இறங்கி விளையாடி வளர்ந்த பிள்ளை.

பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் இருக்கின்றன. எழுத்து ஆளுக்கு ஆள் மாறுவதால், பானைக்குச் சொந்தக்காரர்களே கீறியிருக்க வேண்டும் என்கிறார்கள். “நம்ம வீட்டு எவர்சில்வர் குடத்துல அம்மாச்சி பேரு வெட்டியிருக்கே, அது மாதிரியா?” என்று மகன் கேட்டான். எனக்குத் தோன்றாத ஒப்புமை.

அதே நேரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வரிசை கலையக் கூடாது, பேசக் கூடாது. பலகையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டு நகர வேண்டும். ஒரு சிறுமி எங்கள் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியர் கூப்பிட்டதும் ஓடிப்போனாள். எனக்கு மனசே ஆறவில்லை. அழைத்து வருகிற ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நோட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஊரில் இருந்து ஒரு குயவரை, ஒரு நெசவாளரைக் கூட அழைத்து வாருங்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.

டிக்கெட் மலிவுதான். வயதானவர்களோடு போவதானால் அவசரம் இல்லாத நாளாகப் பாருங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா களிமண்ணை நெல்லிக்காய் அளவு உருட்டித் துளை போட்டுக் கொடுத்தார். மகன் பஞ்சை வைத்துத் திரித்ததில் மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை ஒரு சாண் நூல் வந்தது. அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிப் போகப் போகிறோம். பாண்டி ஆடுகிற வட்டச்சில்லு அங்கே நிறைய இருக்கிறது. அதற்கு அம்மாதான் வேண்டும்.