முதிய குதிரையைக் கைமாற்றுதல்: விற்பதா, இனாமாகக் கொடுப்பதா, உரிமையை வைத்துக்கொண்டு ஒப்படைப்பதா?

ஏறத்தாழ இருபத்திரண்டு வயதான ஒரு பெண் குதிரையை என்ன செய்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஐந்து மாதங்கள் நடந்தது. ஒரு காலத்தில் நுவரெலியாவில் பந்தயம் ஓடியது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட குதிரை அது. கொழும்புப் புறநகரில் ஒரு லாயத்தில் நின்று என் மகளுக்குச் சவாரி பழக்கியது. மின்னல் என்ற பெயர் மகள் வைத்தது. மகள் படிப்புக்காக வெளிநாடு போய்விட்டாள். மின்னலுக்கு முன்னங்கால் மூட்டில் வாதம் வந்துவிட்டது. 2022 இன் டொலர் நெருக்கடியில் ஏறிய தீவனச் செலவு பிறகு பழைய நிலைக்கு இறங்கவேயில்லை. குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதால், சவாரிக்கு உதவாத பல ஆண்டுகள் இன்னும் மீதமிருக்கலாம் என்று மிருக வைத்தியர் சொன்னார்.

என் முன்னால் இருந்த வழிகள் நான்கு: விற்பது, நல்ல இடம் பார்த்து இனாமாகக் கொடுப்பது, உரிமையை நானே வைத்துக்கொண்டு இன்னொருவரின் பராமரிப்பில் விடுவது, கருணைக்கொலை. நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விற்பனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சவாரிக்கு உதவாத குதிரைக்கு நேர்மையான சந்தை விலை ஏறக்குறைய இல்லை. விலை கொடுத்து வாங்க வருபவர் அதனிடம் இன்னும் வேலை வாங்க நினைக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அத்துடன் குதிரை விற்பனையில் பொய் எங்கே நுழைகிறது என்பதை வாங்கியவன் என்ற முறையில் நான் ஏற்கனவே அறிவேன். 2017 இல் மின்னலை வாங்கியபோது வயது ஒன்பது என்றார்கள், பத்திரங்கள் தொலைந்துவிட்டன என்றார்கள். அடுத்த வாரம் வந்த மிருக வைத்தியர் மேலுதட்டை விலக்கி, ஓரத்து வெட்டுப்பல்லில் ஈறிலிருந்து இறங்கும் பழுப்பு நிறக் கோடு ஒன்றைக் காட்டினார். அந்தக் கோடு ஏறத்தாழப் பத்து வயதில் ஈறோரம் தலைகாட்டும், பதினைந்தில் பல்லின் பாதிக்கு வரும், இருபதில் அடிவரை இறங்கிவிடும், பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். துல்லியமான கணக்கு அன்று, ஓரிரு ஆண்டுகள் பிசகலாம்; ஆனால் ஒன்பது வயதுக் குதிரையின் பல்லில் அந்தக் கோடு பாதிவரை வந்திருக்க நியாயமே இல்லை. ஒரு கையொப்பம்கூட இல்லாமல் ஐந்தாறு ஆண்டுகளை ஒருவர் என்னிடம் மறைத்திருந்தார்.

இனாமாகக் கொடுப்பதுதான் மனதுக்கு மிக இதமான வழி. மோசடிக்கு மிக வசதியான வழியும் அதுவே. பணம் கைமாறாதபோது பற்றுச்சீட்டு இல்லை, பேரம் இல்லை, கேள்விகளும் குறைந்துவிடுகின்றன. கொடுப்பவர் ஒரு நல்ல காரியம் செய்கிற நினைவில் இருப்பதால், எதிரே நிற்பவரைத் துருவிக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007 இல் மூடப்பட்ட பிறகும் குதிரைகள் எல்லை கடந்து கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அனுப்பப்பட்டன. அந்த வியாபாரத்துக்குக் குதிரை சேர்ப்பவர்களில் சிலர், பிள்ளைகளுக்காக, தோட்டத்துக்குத் துணையாக என்று சொல்லி இனாம் குதிரைகளை வாங்கிப்போனவர்கள். நம் நாட்டில் வேறு கதை. இங்கே குதிரைக்குப் பணம் அதன் முதுகில்தான் இருக்கிறது: சுற்றுலாப் பயணிகளின் சவாரி, கல்யாண ஊர்வலம், பிறந்தநாள் விழா. வலிமருந்து கொடுத்தால் வாதக் கால் சில மணி நேரம் நேராக நடக்கும். ஃபெனில்பியூட்டாசோன் என்ற அந்த மருந்து கெட்டதன்று, மின்னலுக்கே வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார். ஓய்வுக்காகக் கொடுக்க வேண்டியதை உழைப்புக்காகக் கொடுப்பதில்தான் வஞ்சகம் இருக்கிறது. உழைத்து ஓய்ந்தவற்றின் கதி என்ன என்பதை நுவரெலியா நகரில் கட்டாக்காலியாக அலையும் மட்டக்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் முகநூலில் இட்ட அறிவித்தலைப் பார்த்து முதலில் வந்தவர் மிகப் பணிவானவர். "பிள்ளையள் விளையாடத்தான் அண்ணன்" என்றார். தொலைபேசியில் காணி சிலாபத்தில் என்றவர், நேரில் குருநாகல் என்றார். லாயத்தில் நின்ற பத்து நிமிடங்களில் குதிரையின் வாயைத் திறந்து பார்க்கவில்லை, குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை, என்ன தின்னும் என்று கேட்கவில்லை. கேட்டது இரண்டே கேள்விகள்: ஆளை ஏற்றினால் உதறுமா, இன்று இரவே லொறி கொண்டு வரலாமா. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். குதிரை விடயத்தில் அந்தப் பழமொழியைத் திருப்பித்தான் போட வேண்டியிருக்கிறது. பல்லைப் பார்க்காமல் வாங்கிக்கொள்ள வருபவருக்குத்தான் கொடுக்கக் கூடாது. காணியை வந்து பார்க்கிறேன் என்று நான் சொன்ன பிறகு அவருடைய இலக்கம் இயங்கவில்லை. அவர் மோசடிக்காரர் என்று நான் நிரூபிக்க முடியாது. கொடுக்காமல் விட்டதற்காக வருந்தவும் இல்லை.

இனி நான் தெரிவுசெய்த வழி. குதிரை என்னுடையது, பராமரிப்பு அவர்களுடையது. இதைப் பாதுகாப்பான வழி என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அதுவும் ஒரு பொய்தான். இங்கிலாந்தில் அறியப்பட்ட ஒரு மோசடி இந்த வழியிலேயே நடக்கிறது: தனியாக நிற்கும் தன் குதிரைக்குத் துணை வேண்டும் என்று கூறி முதிய குதிரையை இரவலாக எடுத்துச் செல்பவர், சில நாள்களில் மருந்தேற்றி, வயதைக் குறைத்துச் சொல்லி, சவாரிக் குதிரை என்று மூன்றாம் நபருக்கு விற்றுவிடுகிறார். அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு, 2020 ஒக்டோபர் 1 முதல் எல்லாக் குதிரைகளுக்கும் மைக்ரோசிப் கட்டாயம். அப்படியிருந்தும் இது நடக்கிறது. அந்தக் கடவுச்சீட்டு குதிரை எது என்பதற்கான ஆவணமேயன்றி, அது யாருடையது என்பதற்கான சான்று அன்று.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விடயந்தான்: நாளை தகராறு வந்தால், இது இந்தக் குதிரைதான், இது என்னுடையதுதான் என்ற இரண்டையும் நான் காகிதத்தில் காட்ட முடியுமா? உணவு, இடம், அன்பு எல்லாவற்றையும் பேசித் திருத்தலாம். உரிமையை ஒருமுறை விட்டுக்கொடுத்துவிட்டால், பிறகு பேச எனக்கு வாயே கிடையாது. இனாமாகக் கொடுத்த குதிரையை அவர் மறுநாள் விற்றால் அவர் தன் பொருளைத்தான் விற்கிறார். துன்புறுத்தினார் என்று பொலிஸில் முறைப்பாடு செய்யலாம் என்றால், நம்மிடம் இருப்பது 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம். அதன் அபராதம் 100 ரூபாயிலேயே நெடுங்காலம் நின்றது. உரிமை என்னிடம் இருந்தால் நிலைமை வேறு. உரிமையில்லாதவரிடம் வாங்கியவருக்கு அவரைவிடக் கூடிய உரிமை கிடைக்காது என்பதே பொருள் விற்பனை பற்றிய நமது 1896 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, ஆகவே உடன்படிக்கையை எழுதும் முன் சட்டத்தரணி ஒருவரைப் பார்ப்பது நல்லது. இரவல் எடுத்தவர் விற்றால் அது வெறும் வாக்குத் தவறுதல் அன்று, நம்பிக்கை மோசடியாகவும் ஆகலாம்.

இது யாருடையது என்பதற்கு உடன்படிக்கை. இரண்டு பக்கந்தான், தமிழிலும் சிங்களத்திலும். இரு தரப்பின் அடையாள அட்டை இலக்கங்களும் இரண்டு சாட்சிகளும் அதில் உண்டு. விற்கவோ, அடகு வைக்கவோ, வேறொருவருக்கு மாற்றவோ, சவாரிக்கு விடவோ கூடாது. முன்னறிவித்தல் இன்றி நான் வந்து பார்க்கலாம். இறந்தால் உடனே தகவல் தந்து, என் வைத்தியர் பார்க்கும்வரை அல்லது படங்கள் எடுக்கும்வரை புதைக்கக் கூடாது. வேண்டாம் என்றால் முப்பது நாள் தவணையில் எனக்கே திருப்பித் தர வேண்டும். இறப்பு பற்றிய வரியைப் பலர் எழுதுவதில்லை. விற்ற குதிரையைச் செத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுவதே மிகச் சுலபமான மறைப்பு என்பதால், அந்த வரியை நான் பிடிவாதமாகச் சேர்த்தேன்.

இது எந்தக் குதிரை என்பதற்குக் கழுத்தின் இடப்பக்கம் பதினைந்து இலக்க மைக்ரோசிப் ஒன்று போட்டேன். வாசிக்கும் கருவி இல்லாத ஊரில் அது ஊமைதான். ஆகவே அதைவிட நான் நம்புவது சுழிகளை. நம் முன்னோர் அதிர்ஷ்டத்துக்காகச் சுழி பார்த்துக் குதிரை வாங்கினார்கள். அடையாளப் படிவங்களில் மிருக வைத்தியர்கள் இன்றும் சுழிகளைக் குறிக்கிறார்கள், மயிர் சுழலும் இடங்கள் குதிரைக்குக் குதிரை வேறுபடுவதால். மின்னலின் நெற்றியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, கழுத்தின் வலப்பக்கம் ஒன்று. எல்லாவற்றையும் அன்றைய பத்திரிகையைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து உடன்படிக்கையோடு இணைத்தேன். சற்று அதிகப்படி என்று மனைவி சிரித்தாள்.

கருணைக்கொலையைப் பற்றி ஒரு பத்தியாவது நேர்மையாகச் சொல்ல வேண்டும். யாராலும் மோசடி செய்ய முடியாத ஒரே வழி அது. வலி மருந்துக்கும் அடங்காத குதிரையையோ, நம்பத்தக்க இடமே கிடைக்காத குதிரையையோ அறியாத கையில் கொடுப்பதைவிட அது கருணையானது என்று என் வைத்தியர் சொன்னார். நான் அதைச் செய்ய நேரவில்லை, ஆகவே அதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை.

மின்னல் இப்போது இருப்பது பண்டாரவளைக்கு அருகே ஒரு சிறிய தோட்டத்தில். அந்த வீட்டுக்கு ஏற்கனவே கிழட்டு மட்டக்குதிரை ஒன்று இருந்தது. இங்கிலாந்து மோசடிக்காரர் சொல்லும் அதே துணைக் கதையை இவர்களும் சொன்னதால், முதலில் நான் நடுங்கித்தான் போனேன். வித்தியாசம் என்னவென்றால், அந்த மட்டக்குதிரையை நான் நேரில் பார்த்தேன், அதன் குளம்புகள் ஒழுங்காகச் சீவப்பட்டிருந்தன, வீட்டு ஐயா மின்னலின் வாயைத் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "அரைக்கும் பல் தேய்ஞ்சிருக்கு, புல்லை நனைச்சுத்தான் குடுக்கவேணும்" என்றார். உடன்படிக்கையை நீட்டியபோது அவர் கோபிக்கவில்லை. தவணை முப்பது நாள் போதாது, லொறி பிடிக்கவே அவ்வளவு ஆகும் என்று திருத்தம் கேட்டார், நாற்பத்தைந்தாக்கினோம்.

இந்த வழியின் குறைகளும் சிறியவை அல்ல. செலவிலிருந்து விடுதலை இல்லை. குளம்பு சீவலிலும் மருந்திலும் பாதி என் தலையில். பார்க்கும் உரிமை காகிதத்தில் இருந்து பயனில்லை, போக வேண்டும். கொழும்பிலிருந்து பண்டாரவளைக்குப் போய்வர இரண்டு நாள் செலவாகிறது. கறுவாத்தோட்டத்தில் 1893 முதல் குதிரைகள் ஓடிய திடலில் இப்போது ரக்பியும் கடைத்தெருவும் இருக்க, முதிய குதிரை மேயுமளவு புல் நகருக்குள் எனக்குக் கிடைக்கவில்லை. மேலும் எனக்கு இருப்பது எட்டு மாத அனுபவம். அந்த ஐயாவுக்கு இயலாமல் போனால், காணி பிள்ளைகள் கைக்கு மாறினால், உடன்படிக்கை எவ்வளவு தாங்கும் என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் சொல்லாமல் மூன்றாம் முறை போனேன். கோட்டையில் ஏறிய பதுளை ரயில் தாமதமாகி, போய்ச் சேர்ந்தபோது தூறல். ஐயா வீட்டில் இல்லை. பேரன்தான் கொட்டிலுக்குக் கூட்டிப்போனான். நான் கேட்கும் முன்னரே மின்னலின் நெற்றி மயிரை ஒதுக்கி, "ரெண்டு சுழியும் இருக்கு மாமா, எண்ணிப் பாருங்கோ" என்றான். பிறகு அடுத்த செவ்வாய்க்கிழமை குளம்பு சீவ ஆள் வருகிறார் என்று தாத்தா சொல்லச் சொன்னதாகக் கூறி, துண்டுக் காகிதத்தில் எழுதிய கணக்கை நீட்டினான்.