சட்டம் படிக்க எந்த வழி? மட்டக்களப்பிலிருந்து ஒரு கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள் அக்காவின் மகள் களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறி என் அலுவலகத்துக்கு வந்தாள். கலைப்பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி நன்றாகவே இருந்தது. "மாமா, லோ கிடைக்கும் போல இருக்கு. போடவா, விடவா?" என்றாள். கூட வந்த அக்காவின் கேள்வி வேறு. "தம்பி, ஏழு வருஷம் படிச்சிப்போட்டு மறுகா எப்ப உழைக்கிற இந்தப் புள்ள?"

அக்கா கேட்டதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. வழிகளை ஒப்பிடுகிறவர்கள் பட்டத்தின் பெயரையும் படிப்புக் காலத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். சத்தியப்பிரமாணம் செய்து கறுப்புக் கோட்டுப் போட்ட பிறகு, கட்சிக்காரர் நம்பித் தேடி வரும்வரை கையில் காசில்லாத ஒரு காலம் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் சட்டக் கல்லூரி வழியாக வந்தவன். முதல் மூன்று வருடம் சீனியரின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் அலைந்தேன். அவருக்காகத் தவணை எடுக்கப் போகும் நாட்களில் கிடைக்கும் சிறு தொகைதான் கைச்செலவு. படுவான்கரையில் அப்பாவின் வயல் இருந்ததால் தாக்குப்பிடித்தேன். அந்த மூன்று வருடத்தையும் சேர்த்தே எல்லா வழிகளையும் இங்கே பார்க்கிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாக்க வேண்டும். சட்டமாணி (எல்.எல்.பி.) பட்டம் எடுத்தவுடன் நீதிமன்றத்தில் வழக்குப் பேச முடியாது. முன்பு வழக்கறிஞர்கள் இரண்டு வகை: அப்புக்காத்து வேறு, பிரக்கிராசி வேறு. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இருவரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. அந்தப் பெயரைப் பெற வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் படித்தாலும் கொழும்பில் படித்தாலும் கடைசியில் கொழும்புப் புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்டியே ஆகவேண்டும். 1874இல் தொடங்கிய கல்லூரி அது. சட்டப் பட்டதாரிக்கு நுழைவுப் பரீட்சை இல்லை என்பது ஒரு சலுகை. ஆகவே, பல்கலைக்கழகம் போகிற பிள்ளையும் பிறகு கல்லூரி வாசலுக்கு வரத்தான் வேண்டும்.

இனிப் பல்கலைக்கழகம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சட்டம் இல்லை, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. இசட் புள்ளியில் அரச பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிப்பதென்றால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய மூன்றில் ஒன்றுக்குப் போகவேண்டும். இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல் உண்டு. அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விட்டுப்போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். நம் மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்க்கவேண்டும்.

படிப்பு நான்கு வருடம், கட்டணம் இல்லை. மஹாபொல உதவிப்பணம் கிடைத்தால் சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதி கழியும். அதன் பிறகு கல்லூரிப் பரீட்சைகள், ஒரு சீனியரிடம் ஆறு மாதப் பயிற்சி. அனுமதிக்காகக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால் அக்கா சொன்ன ஏழு வருடம் பொய்யில்லை. ஆனால் நான்காவது வருடத்தின் முடிவில் கையில் ஒரு பட்டம் இருக்கிறது. வங்கியில் சட்டப் பிரிவு, மனித உரிமை வேலை, நிருவாக சேவைப் பரீட்சை என்று வேறு கதவுகளையும் தட்டலாம். நீதிமன்றம் பிடிக்காமல் போனாலும் பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பமாட்டாள்.

சட்டக் கல்லூரியின் கணக்கு வேறு. நுழைவுப் பரீட்சையில் பொது அறிவும் மொழியும் பார்க்கிறார்கள். மாவட்டக் கோட்டா கிடையாது. திருக்கோவில் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். உள்ளே போனால் மூன்று வருடம், பிறகு ஆறு மாதப் பயிற்சி. உயர்தரத்துக்குப் பின் நான்கைந்து வருடத்தில் சத்தியப்பிரமாணம் செய்துவிடலாம். குறுக்கு வழி போலத்தான் தெரியும். ஆனால் கட்டணம் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுக்கவேண்டும். என்னோடு படித்த ஊர்ப்பிள்ளை ஒருவர் இரண்டாம் வருடத்தில் அறை வாடகை கட்ட முடியாமல் உதயதேவியில் ஏறி வந்தவர், திரும்பப் போகவில்லை. நல்ல மூளை. இடையில் விட்டதால் பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. அந்த வழியில் நடுவே இறங்க ஒரு தரிப்பிடம் கூட இல்லை என்பதை அவரைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அதற்காகக் கல்லூரியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் வகுப்பு முடிந்தால் பக்கத்திலேயே நீதிமன்றங்கள். வழக்கு எப்படி நடக்கிறது என்பதைப் புத்தகத்தில் தேடவேண்டியதில்லை. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் தொழில் செய்து, பிறகு அரசியலில் பெரிய இடத்துக்குப் போன எம்.எச்.எம். அஷ்ரஃப் சட்டக் கல்லூரி வழியாக வந்தவர். இசட் புள்ளி கைகொடுக்காத, ஆனால் நீதிமன்றத்தைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடியாத பிள்ளைக்கு இது மரியாதையான வழி. வீட்டில் நான்கு வருடச் செலவுக்குத் தெம்பு இருக்கவேண்டும், அவ்வளவே.

ஆங்கிலத்தைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும். 2020இன் கடைசியில் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு வர்த்தமானி வந்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்த பிள்ளைகளின் வயிற்றில் புளியைக் கரைத்த காலம் அது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த விதிகளை நிராகரித்தது. நம் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. எனக்கும்தான். ஆனால் அந்த நிம்மதியை நம்பி ஆங்கிலத்தைக் கைவிட்டவர்களின் நிலை நல்லதாக இல்லை. மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று நீதிமன்றங்களில் தமிழிலேயே வழக்காடுகிறோம். அம்பாறை நகரத்துக்குப் போனால் சிங்களம். மேன்முறையீடு என்று கொழும்புக்கு ஏறினால் ஆங்கிலம். பழைய தீர்ப்புகள் தொகுக்கப்பட்டிருப்பதும் ஆங்கிலத்தில். கீழ் நீதிமன்றத்தில் வென்ற வழக்கை மேலே கொண்டுபோக முடியாமல், கட்சிக்காரரை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த நாள் எனக்கும் இருந்தது. அன்று பட்ட வெட்கத்தில்தான் இரவுகளில் தீர்ப்புகளை வாசிக்கத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் பல்கலைக்கழகம் முந்துகிறது. சட்டமாணிப் படிப்பு இன்று பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. முதல் வருடம் தமிழ்மொழிமூலப் பிள்ளைக்கு நரகம். அழுதுகொண்டு தொலைபேசி எடுப்பார்கள். நான்காம் வருடத்தில் அதே பிள்ளை தீர்ப்பைப் பிரித்துப் பேசுவதைக் கேட்கும்போது அந்த அழுகை வீண்போகவில்லை என்று தெரியும்.

மூன்றில் எது? யாழ்ப்பாணத்தில் செலவு குறைவு, சுற்றிலும் தமிழ். தேசவழமையைக் கண்ணுக்கு முன்னால் படிக்கலாம். ஆனால் அது வடக்குத் தமிழரின் சொத்துரிமைக்கான தனிச் சட்டம். மட்டக்களப்புத் தமிழர் பொதுச் சட்டத்துக்குக் கீழேதான் வருகிறார்கள். நம் பக்கத்து முக்குவர் சட்டம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது, தாய்வீடு மகளுக்கு என்ற வழக்கம் மட்டும் இன்னும் அழியவில்லை. கொழும்பில் செலவு அதிகம். ஆனால் புதுக்கடை பக்கத்தில் இருக்கிறது. படிக்கும்போதே ஒரு சீனியரின் அறைக்குள் காலை வைக்கலாம். பேராதனையை எனக்கு நெருங்கித் தெரியாததால் அதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை.

மூன்றாவது வழியை நம்மவர்கள் குறைவாக மதிக்கிறார்கள். தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரிக்குப் போனால் மூன்று வருடத்தில் டிப்ளோமாவும் ஆசிரியர் நியமனமும். சம்பளம் வரத் தொடங்கிய பிறகு திறந்த பல்கலைக்கழகத்தின் தெரிவுப் பரீட்சை எழுதிச் சட்டமாணி படிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் நிலையம் இருக்கிறது. நீண்ட வழிதான், சனி ஞாயிறெல்லாம் போய்விடும். ஆனால் நான் சொன்ன அந்த வருமானமில்லாத மூன்று வருடத்தை மாதச் சம்பளத்தில் சேர்த்த காசு தாங்கிக்கொள்ளும். அப்பா இல்லாத வீட்டு மூத்த பிள்ளை என்னிடம் வந்து கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தனியார் நிறுவனங்கள் நடத்தும் வெளிநாட்டுச் சட்டப் பட்டத்துக்குக் காணியை ஈடுவைக்க வேண்டாம்.

எந்தப் பட்டமென்றாலும் பரவாயில்லை, பல்கலைக்கழகம் போனால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு காட்சியை நினைவூட்டவேண்டும். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக அமர்ந்திருந்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் அவர்களைப் பார்ப்பேன். அதே நேரம், சட்டம்தான் வேண்டும் என்று மூன்றாவது தடவையும் உயர்தரம் எழுதிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. இரண்டாவது தடவையும் எட்டாவிட்டால் நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது மூன்றாவது வழியில் இறங்கலாம். இருபது வயதில் போகும் ஒரு வருடத்தின் விலை முப்பது வயதில்தான் தெரியும்.

மருமகள் கடைசியில் கேட்டாள். "மாமா, உங்கட வேலையில என்ன வழக்கு கூட வரும்?" மேசையில் கிடந்த கோப்புகளைக் காட்டினேன். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி ஒன்று. வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய பட்டியலை 2022இல்தான் திருத்தினார்கள். அதற்கு முன் இறந்துபோன தகப்பனின் காணிக்கு இப்போது அக்காவும் தம்பியும் நிற்கிறார்கள். இன்னொன்று 1999இன் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு தாய் போட்ட வழக்கு. இரண்டு தவணைக்குப் பிறகும் அவர் என்னிடம் முழுவதையும் சொல்லவில்லை. எழுதுவினைஞர் பெண் இருக்கும்போது அவரிடம்தான் சொல்கிறார். இப்படியான கோப்புகள் வாரத்துக்கு வாரம் வருகின்றன. அவற்றைத் தமிழில் கேட்டு, பெண்ணிடம் பெண்ணாக இருந்து எழுதி, தேவைப்பட்டால் ஆங்கிலத்தில் கொழும்புவரை கொண்டுபோகக்கூடியவர்கள் நம் பக்கத்தில் இன்னும் போதாது.

அவள் அந்தத் தாயின் கோப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அக்கா பஸ் நேரத்தைச் சொன்னார், இவள் நிமிரவில்லை. நான் விண்ணப்பக் கைந்நூலைத் திறந்து விருப்ப ஒழுங்கைப் பென்சிலால் எழுதினேன்: முதலில் கொழும்பு சட்டம், அடுத்தது யாழ்ப்பாணம், அதற்கடுத்துப் பேராதனை. பக்கத்தின் ஓரத்தில், அக்கா பார்க்கட்டும் என்று, ஏழு வருடத்தோடு அந்த மூன்றையும் கூட்டிப் பத்து என்று போட்டேன். அக்கா அந்தப் பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடு ரெண்டு நிக்கிதானே" என்றார்.