கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகள்: ஓர் இணையவழி வகுப்பின் மதிப்புரை

பன்னிரண்டு பாடங்கள் கொண்ட இந்த வகுப்பை முழுமையாகக் கேட்டு முடித்த பின்பே இதை எழுதுகிறேன்.

ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கிறார் என்னும் திரித்துவத்தைப் பற்றிய பாடங்கள் மிகச் சிறப்பானவை. நீர், பனிக்கட்டி, நீராவி என்ற பழகிய உவமை, ஒரே கடவுள் மூன்று வேடங்களில் தோன்றுகிறார் என்ற, திருச்சபை மறுத்த கருத்துக்கே இட்டுச் செல்லும் என்பதை ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், மகனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்ற குரு ஆரியுவின் போதனையை மறுத்ததை, படைக்கப்பட்ட ஒருவரால் மனிதரை மீட்க இயலுமா என்ற, அக்காலத்து இறையியலாளர் அத்தனாசியுவின் வாதத்தோடு இணைத்துக் காட்டியபோது, நான் பல ஆண்டுகளாக மனப்பாடமாகச் சொல்லிவந்த விசுவாச அறிக்கையின் பொருள் முதன்முறையாக உள்ளத்தில் இறங்கியது. இதற்காகவே இவ்வகுப்பில் சேரலாம்.

கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்னும் எபேசியர் 2:8ஐயும், கிரியைகளையும் (நற்செயல்களையும்) வலியுறுத்தும் யாக்கோபு 2:24ஐயும் எதிரெதிராக நிறுத்தாமல் விளக்கிய விதமும் நேர்மையானது. ஆனால், நீதிமானாக்கப்படுதல் (பாவி கடவுள்முன் நீதிமானாவது) குறித்துக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் 1999இல் கையெழுத்திட்ட கூட்டறிக்கையைக் குறிப்பிடாதது பெருங்குறை.

யார் இரட்சிக்கப்படுவார் என்ற இறுதிப் பாடமோ ஏமாற்றமளித்தது. யார் மீட்படைவர் என்பதைக் கடவுளே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டார் என்னும், சீர்திருத்தவாதி கால்வினின் முன்குறிப்புக் கோட்பாட்டுக்கே பெரும்பகுதி ஒதுக்கப்பட்டு, டச்சு இறையியலாளர் அர்மீனியுவின் மறுப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நற்செய்தியைக் கேட்காமலே இறந்தவர்களின் நிலை என்ன என்று கலந்துரையாடலில் கேட்டேன். தம் குற்றமின்றி அதை அறியாமல், கடவுளை நேர்மையான உள்ளத்தோடு தேடுவோரும் மீட்படையக்கூடும் என்ற, கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனையையாவது எடுத்துரைத்திருக்கலாம். 'அது கடவுளுக்கே தெரியும்' என்ற ஒற்றை வரிப் பதிலே கிடைத்தது.