விரலுக்குத் தட்டுப்படாத கட்டி: கம்பியா, விதையா, அல்ட்ராசவுண்டா?

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் 8 மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளியாகத் தெளிவாகத் தெரியும் புற்றுநோய்க் கட்டி, ஆபரேஷன் மேஜையில் சர்ஜனின் விரலுக்குச் சிக்காது. படம் எடுத்தபோது அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார், மார்பகம் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நசுங்கியிருந்தது. இப்போது மல்லாந்து படுத்திருக்கிறார். படத்தில் பார்த்த இடம் வேறு, கத்தி வைக்க வேண்டிய இடம் வேறு. மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுக்க வேண்டுமானால், முன்கூட்டியே உள்ளே ஓர் அடையாளம் வேண்டும்.

நம் ஊரில் பலர் கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும். ஆபரேஷனுக்கு முன்பே தரும் கீமோவில் கட்டி கரைந்துபோனால் தேடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது. கீமோ தொடங்கும்போதே கட்டிக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை வைத்துவிடுவது அதற்காகத்தான்.

இருப்பதில் பழையது கம்பி. 1970-களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியைச் செலுத்தி, அதன் வழியே நுனியில் கொக்கி உள்ள மெல்லிய கம்பியை ரேடியாலஜிஸ்ட் விடுவார். கொக்கி கட்டியருகே மாட்டிக்கொள்ளும், மறுமுனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விலை குறைவு, கருவி எதுவும் வாங்க வேண்டாம். கட்டியாக இல்லாமல், மேமோகிராமில் வெள்ளைப் பொடியாகத் தெரியும் சுண்ணாம்புத் துகள்கள் (கால்சியப் படிவுகள்) அகலமாகப் பரவியிருந்தால் இரண்டு மூன்று கம்பிகளை வைத்து எல்லை கட்டலாம்.

தொல்லை கடிகாரத்தில் இருக்கிறது. கம்பியைப் பெரும்பாலும் ஆபரேஷன் அன்று காலையிலேயே வைக்க வேண்டும். பட்டினியோடு வந்தவர் மேமோகிராம் அறையில் மயங்கி விழுவதும் உண்டு. ரேடியாலஜி தாமதமானால் தியேட்டர் சும்மா காத்திருக்கும். வார்டுக்குப் போகும் வழியில் கம்பி நகரலாம், ஆபரேஷனில் தவறி வெட்டுப்படலாம். கம்பி நுழைந்த இடத்துக்கும் நல்ல தழும்பு அமையும் இடத்துக்கும் பொருத்தமே இல்லாமலும் போகும்.

கதிரியக்க வழி இந்தக் கம்பியை ஒழிக்கத்தான் வந்தது. 1996-ல் மிலானில் தொடங்கிய முறையில், டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த திரவத்தைக் கட்டிக்குள் செலுத்தி, அதன் கதிரை உணரும் காமா கருவியால் தேடினார்கள். ஆனால் டெக்னீஷியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 6 மணி நேரம்தான். காலம் மறுபடியும் கழுத்தைப் பிடிக்கிறது. கதிரியக்க அயோடின்-125 அடைத்த ‘விதை’க்கு அரை ஆயுள் ஏறத்தாழ 60 நாள். அரிசிமணியைவிடச் சிறிய டைட்டானியக் குழாய், சில நாள் முன்பே வைத்துவிடலாம். அதன் கதிர் ஆற்றல் டெக்னீஷியத்தினுடையதிலிருந்து வேறுபட்டது. ஆகவே ஒரே கருவியை மாற்றி மாற்றி அமைத்து, கட்டியையும் அக்குளில் உள்ள சென்டினல் நிணக்கணுவையும் (புற்றுநோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் கணு) தனித்தனியே தேட முடியும். இது உண்மையிலேயே அழகான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு விதைக்கும் கணக்கு வைத்து, திரும்ப எடுத்து, பாதுகாப்பாக அப்புறப்படுத்த வேண்டும். ஒரு விதை காணாமல் போனால் மருத்துவமனையே தலைகீழாகும்.

சரி, இவ்வளவு பாடுபட்டால் புற்றுநோய் சுத்தமாக வெளியேறுவது கூடுகிறதா? டென்மார்க்கில் விதையையும் கம்பியையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. வெட்டிய திசுவின் ஓரத்தில் புற்றுநோய் எஞ்சியது விதைக் குழுவில் 11.8 சதவீதம், கம்பிக் குழுவில் 13.3 சதவீதம். புள்ளியியல் கணக்கில் வித்தியாசமே இல்லை.

அப்புறம் வந்தவை கதிரியக்கம் இல்லாத விதைகள். மேக்சீட் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள காந்த விதை. அதைத் தேடும்போது இரும்புக் கருவிகள் குழப்பும், அவற்றை ஒதுக்கிவைத்துப் பழக வேண்டும். எம்ஆர்ஐ படத்தில் அதைச் சுற்றிப் பெரிய கறுப்புத் திட்டு விழும். கீமோவின் பலனை எம்ஆர்ஐயில் கண்காணிக்க வேண்டியவருக்கு அதை ஆரம்பத்திலேயே வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ரேடாரில் இயங்கும் ஸ்கௌட் என்ற அடையாளத்துக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. ரேடியோ அலையில் கண்டுபிடிக்கும் ஆர்எஃப்ஐடி வில்லைக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, ஒரே மார்பகத்தில் இரண்டு மூன்று இடங்கள் இருந்தால் குழப்பமில்லை. ஆனால் பருமனான ஊசி வேண்டும். மூன்றிலும் செலவு அதிகம், தவறான இடத்தில் விழுந்தால் நகர்த்த வழியில்லை. பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் மேக்சீட்டையும் கம்பியையும் ஒப்பிட்டபோதும் மறு ஆபரேஷன் விகிதத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆக, இந்த விதைகளின் லாபமெல்லாம் ஆபரேஷன் நாள் காலை நிம்மதியாகக் கழிவதில்தான். அது சின்ன விஷயமில்லை, ஆனால் விளம்பரத்தில் வேறு மாதிரி ஒலிக்கும்.

அதிகம் பேசப்படாத போட்டியாளர் தியேட்டரிலேயே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட். உள்ளே எதையும் புதைக்க வேண்டாம், சர்ஜனே பார்த்துக்கொண்டே வெட்டலாம். நெதர்லாந்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டி இருந்த 134 பேரிடம் இதைச் சோதித்தார்கள். விரலை நம்பி வெட்டியவர்களில் 17 சதவீதத்தினருக்கு ஓரத்தில் புற்றுநோய் மிஞ்சியது, அல்ட்ராசவுண்ட் பார்த்து வெட்டியவர்களில் 3 சதவீதம். தட்டுப்படும் கட்டிக்கே இந்த வித்தியாசம்! சர்ஜன் அல்ட்ராசவுண்ட் படித்திருந்தால் என் முதல் தேர்வு இதுதான். ஒரே நிபந்தனை, அதில் கட்டி தெரிய வேண்டும். மேமோகிராமில் மட்டும் தெரியும் சுண்ணாம்புத் துகள்களுக்கு இது பெரும்பாலும் உதவாது. அங்கே கம்பியோ விதையோ வைத்தே ஆக வேண்டும், பணம் இடித்தால் கம்பியே போதும்.

எந்த அடையாளம் வைத்திருந்தாலும், வெட்டியெடுத்த திசுவை மேஜையிலிருந்தே எக்ஸ்ரேவுக்கோ அல்ட்ராசவுண்டுக்கோ அனுப்புவார்கள். கிளிப்பும் விதையும் கட்டியும் அந்தப் படத்தில் இருக்கின்றன என்று பதில் வரும்வரை தையல் போடுவதில்லை.