50 சதவீதம் கூடுதல் வேகமா? இன்டெல் 9900கே ஒப்பீட்டை உரசிப் பார்த்தால்

2018 அக்டோபரில் கோர் ஐ9-9900கே பிராசஸரை இன்டெல் அறிவித்தபோது, சுயேச்சையான விமர்சகர்கள் தங்கள் முடிவுகளை வெளியிட முடியாதபடி தடை நீடித்த வேளையில், இன்டெல் பணம் கொடுத்து பிரின்சிபில்டு டெக்னாலஜிஸ் என்ற சோதனை நிறுவனம் மூலம் நடத்திய சோதனையின் முடிவுகள் மட்டும் வெளிவந்தன. கேம்களில் ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸைவிட 50 சதவீதம் வரை கூடுதல் வேகம் என்பதே அதன் சாரம்.

அந்தச் சோதனையில் ரைசன் ‘கேம் மோடு’ அமைப்பில் இயங்கியது. பெயரைப் பார்த்தால் விளையாட்டுக்கு உகந்ததாகத் தோன்றினாலும், ஏஎம்டியின் அதிகக் கோர் கொண்ட த்ரெட்ரிப்பர் பிராசஸர்களை மனதில் வைத்து உருவான அந்த அமைப்பு 2700எக்ஸின் எட்டு கோர்களில் (கணக்கிடும் அலகுகளில்) நான்கை முடக்கிவிடும். போதாக்குறைக்கு, இன்டெல் பிராசஸரைக் குளிர்விக்க, தனியாக வாங்க வேண்டிய நாக்டுவா நிறுவனத்தின் கூலர். ரைசனுக்கோ பெட்டியோடு வரும் கூலர். எதிர்ப்பு கிளம்பியதும் எட்டு கோர்களையும் இயக்கி மறுசோதனை செய்தார்கள். இடைவெளி கணிசமாகச் சுருங்கியது.

அப்போதைய பட்டியல் விலை 9900கேவுக்கு 488 டாலர், 2700எக்ஸுக்கு 329 டாலர். ஏறத்தாழ 48 சதவீதம் அதிக விலையை அந்த 50 சதவீதம் நியாயப்படுத்துவதுபோல் காட்டியதுதான் எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். 9900கே அன்றைக்கு உண்மையிலேயே கேம்களில் முதலிடம் பிடித்த பிராசஸர். நேர்மையான எண்களே அதற்குப் போதுமானவை.

ஏஎம்டியும் விதிவிலக்கல்ல. 2024இல் ரைசன் 9000 வரிசைக்கு அது சொன்ன கேமிங் முன்னேற்றம் விமர்சகர்களின் சோதனைகளில் கிட்டவில்லை. தன் சோதனைகள் சாதாரணப் பயனர் கணக்கில் அல்ல, விண்டோஸின் நிர்வாகிக் கணக்கில் நடந்தவை என்று பிறகு விளக்கியது. ஆகவே எந்த நிறுவனத்தின் வரைபடமானாலும், ‘வரை’ என்ற சொல்லையும் அடிக்குறிப்பிலுள்ள கூலர், மெமரி, ரெசல்யூஷன் விவரங்களையும் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.